மென்பொருளும் மூலதனமே

ஒரு வங்கியின் வளர்ச்சிக்குத் தடை எங்கிருந்து வரக்கூடும்? வாராக்கடன், வட்டி விகித மாற்றம், போட்டி, பொருளாதார மந்தம் என்று பாடநூல்கள் பட்டியலிடும். அண்மை ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது அந்த வங்கியின் கணினிக் கட்டமைப்பு.

2020 டிசம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கிக்கு இந்திய ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. புதிய எண்ம சேவைகள் எதையும் தொடங்கக் கூடாது. புதிதாக யாருக்கும் கடன் அட்டை வழங்கக் கூடாது என்பது அந்த உத்தரவின் சாரம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த வங்கியின் இணையவழி, கைப்பேசி வழிச் சேவைகள் பலமுறை முடங்கியதே காரணம். 2020 நவம்பரில் முதன்மைத் தரவு மையத்தில் ஏற்பட்ட மின்தடையால் சேவைகள் நின்றுபோனதும் அவற்றுள் ஒன்று. கடன் அட்டை மீதான தடை 2021 ஆகஸ்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. எஞ்சிய கட்டுப்பாடுகள் நீங்குவதற்கு 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2024 ஏப்ரலில் இதே நிலை கோட்டக் மஹிந்திரா வங்கிக்கு ஏற்பட்டது. இணையம், கைப்பேசி வாயிலாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும், புதிய கடன் அட்டைகள் வழங்கவும் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மறுநாள் அந்த வங்கியின் பங்கு விலை 10 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. தடை நீங்கியது 2025 பிப்ரவரியில்தான்.

அந்த உத்தரவில் ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டிய குறைகள் கவனத்துக்குரியவை. எந்தெந்தக் கணினிகளும் மென்பொருள்களும் பயன்பாட்டில் உள்ளன என்ற பட்டியலைப் பேணுதல், மென்பொருளில் செய்யப்படும் திருத்தங்களையும் மாற்றங்களையும் முறைப்படுத்துதல், யாருக்கு எந்த அளவு அனுமதி என்பதை வரையறுத்தல், வெளி நிறுவனங்களைச் சார்ந்திருப்பதால் வரும் இடரைக் கணித்தல், பேரிடர் நேர்ந்தால் பணியைத் தொடர்வதற்கான ஏற்பாடு ஆகியவற்றில் 2022, 2023 என இரு ஆண்டுகள் தொடர்ந்து குறைபாடுகள் காணப்பட்டதாக அது கூறியது. இவற்றுள் ஒன்றுகூட அரிய தொழில்நுட்பம் இல்லை. எல்லாமே ஒழுங்கான அன்றாடப் பராமரிப்பு வேலைகள்.

இவ்விரு வங்கிகளும் நாட்டின் முன்னணித் தனியார் வங்கிகள். அவற்றின் வளர்ச்சிக்குப் போடப்பட்ட இந்த முட்டுக்கட்டைக்கும் கடன் கொடுத்ததில் நேர்ந்த தவறுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மென்பொருளை எப்படி உருவாக்குகிறோம், எப்படி இயக்குகிறோம் என்பது தொழில்நுட்பப் பிரிவின் உள்விவகாரமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. அது நேரடியாக வருவாயையும், பங்கு விலையையும், வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் தீர்மானிக்கும் காரணியாகிவிட்டது. நம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்கள் பலவும் இதை இன்னும் உள்வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் சிக்கல்.

கணினிச் சேவைகள் முடங்குவதை வெள்ளம், புயல் போன்ற எதிர்பாராத விபத்தாகக் கருதும் மனநிலை பரவலாக இருக்கிறது. உண்மையில் மிகப் பெரிய முடக்கங்கள் பலவற்றுக்கும் நிறுவனங்கள் தாமே செய்த மாற்றங்களே தொடக்கப்புள்ளி. உலக அளவில் நன்கு ஆராயப்பட்ட மூன்று நிகழ்வுகளைப் பார்க்கலாம்.

முதலாவது, அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கான புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது. ஏழில் நிறுவினார்கள், எட்டாவது விடுபட்டுவிட்டது. அந்த ஒன்றில், 2003-ஆம் ஆண்டிலிருந்தே பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்ததும் அந்தப் பழைய நிரல் உயிர்பெற்றுத் தானாகவே பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் அந்த நிறுவனம் இழந்தது 46 கோடி டாலருக்கும் மேல். செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறைகூட அங்கு இருக்கவில்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் பின்னர் பதிவு செய்தது. சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைக் குறிப்பிடும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகக் கருதிப் படிக்கும் பொறுப்பு யாருக்கும் அளிக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டே நைட் கேபிடல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது.

இரண்டாவது, பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளையும் பழைய கணினி அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்ற அது முனைந்தது. விளைவு, லட்சக்கணக்கானோர் தங்கள் பணத்தைத் தாங்களே எடுக்க முடியாமல் தவித்தனர். நிலைமை முழுமையாகச் சீரடைய அந்த ஆண்டு டிசம்பர் வரை ஆனது. தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். வாடிக்கையாளர்களுக்கு 3.27 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கிய அந்த வங்கிக்கு, 2022-இல் ஒழுங்காற்று அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல்.

மூன்றாவது, 2024 ஜூலை 19 அன்று உலகையே நிறுத்திய கிரவுட்ஸ்டிரைக் நிகழ்வு. கணினிப் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறிய புதுப்பிப்பில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களில் பயணிகள் தரையில் படுத்துறங்கினர். பல நாடுகளில் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. அந்தப் புதுப்பிப்பு படிப்படியாக அல்லாமல் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் சென்று சேர்ந்ததே சேதத்தைப் பன்மடங்காக்கியது.

மூன்றிலும் ஆபத்து ஒரு மாற்றத்தின் வழியாகவே நுழைந்தது. இதைக் காணும் எந்த மேலாளருக்கும் இயல்பாகத் தோன்றுவது, ‘மாற்றங்களைக் குறைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ செய்தால் போதும்’ என்பதுதான். நடைமுறையில் இது நேரெதிர் விளைவையே தரும். மாற்றங்களை ஆறு மாதம் சேர்த்துவைத்து ஒரே இரவில் நிறுவினால், பிழை ஏற்படும்போது நூற்றுக்கணக்கான மாற்றங்களில் எது காரணம் என்று தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சிறு மாற்றம் என்றால், தவறு எங்கே என்பது உடனே தெரியும். திரும்பப் பெறுவதும் எளிது. டிஎஸ்பி வங்கியின் அனுபவம் சொல்வது இதைத்தான். ஆனால், சிறிய மாற்றம் என்பது மட்டும் போதாது. அதைச் சோதித்த பிறகு முதலில் சில நூறு பயனாளிகளிடமும், பின்னர் சில ஆயிரம் பேரிடமும், இறுதியில்தான் அனைவரிடமும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது கிரவுட்ஸ்டிரைக் கற்றுத்தந்த பாடம்.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் இதைச் செய்வதில்லை? காரணம் தொழில்நுட்பத்தில் இருப்பதைவிட ஊக்குவிப்பு முறையில்தான் அதிகம் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் மென்பொருளை எழுதுவோர் ஒரு பிரிவு. அதை இரவும் பகலும் இயக்குவோர் வேறொரு பிரிவு. எழுதுவோர் எத்தனை புதிய வசதிகளைக் கொடுத்தார்கள் என்பதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறார்கள். இயக்குவோர், சேவை எத்தனை மணி நேரம் தடையின்றி நடந்தது என்பதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறார்கள். முன்னவருக்கு மாற்றமே வெகுமதி. பின்னவருக்கு மாற்றமே ஆபத்து. ஒரே வண்டியில் இரண்டு மாடுகளையும் எதிரெதிர்த் திசையில் பூட்டிவிட்டு, வண்டி நகரவில்லை என்று சாட்டையைத் தேடுகிறோம்.

இந்தப் பிளவை நீக்கும் முயற்சியாக 2009-இல் உருவானதுதான் ‘டெவ்ஆப்ஸ்’ என்ற அணுகுமுறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த பாட்ரிக் டெபுவா அந்த ஆண்டு கெண்ட் நகரில் நடத்திய கூட்டத்திலிருந்து அந்தப் பெயர் பரவியது. அதே ஆண்டில்தான், ஃபிளிக்கர் நிறுவனத்தின் பொறியாளர்கள் இருவர், தாங்கள் ஒரு நாளில் பத்து முறைக்கும் மேல் மென்பொருளைப் புதுப்பிப்பதாக ஒரு மாநாட்டில் விளக்கியது தொழில்துறையை வியக்கவைத்தது. எழுதுவோரும் இயக்குவோரும் ஒரே குழுவாக, ஒரே இலக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். சோதனைகளையும் நிறுவுதலையும் கைவேலையாக விடாமல் தானியங்கியாக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அதற்குப் பின் நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தி, 2018-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். மென்பொருள் பணியின் தரத்தை அளக்க நான்கு அளவுகோல்களை அவர்கள் முன்வைத்தனர். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றம் பயனாளிகளைச் சென்றடைகிறது? எழுதி முடித்த மாற்றம் பயன்பாட்டுக்கு வர எவ்வளவு காலமாகிறது? நூறு மாற்றங்களில் எத்தனை கோளாறில் முடிகின்றன? கோளாறு நேர்ந்தால் எவ்வளவு நேரத்தில் சேவை மீள்கிறது? முதல் இரண்டும் வேகத்தை அளப்பவை. பின்னிரண்டும் நிலைத்தன்மையை அளப்பவை. வேகம் கூடினால் நிலைத்தன்மை குறையும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், சிறந்த நிறுவனங்கள் இரண்டிலும் ஒருசேர முன்னணியில் இருந்தன. பின்தங்கியவை இரண்டிலும் பின்தங்கியிருந்தன. அந்த முன்னணி நிறுவனங்களே லாபத்திலும் சந்தைப் பங்கிலும் தங்கள் இலக்குகளை எட்டுவதாகவும் அந்த ஆய்வு கூறியது.

இது கருத்துக்கணிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு என்பதை மறக்கலாகாது. நல்ல மென்பொருள் நடைமுறையால் லாபம் வந்ததா, லாபமுள்ள நிறுவனங்களால்தான் நல்ல நடைமுறைக்குச் செலவிட முடிந்ததா என்ற கேள்வியை அத்தகைய தரவுகளைக் கொண்டு மட்டும் தீர்த்துவிட முடியாது. ஆனால், பொருளியல் வரலாறு இங்கே துணைக்கு வருகிறது.

பொருளியல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் சோலோ, 1987-இல் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். எங்கு நோக்கினும் கணினிகள் நிறைந்திருக்க, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் அவற்றின் தாக்கத்தைக் காணோமே என்பது அவருடைய கேள்வி. 1990-இல் பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் அதற்கு மின்சாரத்தைக் கொண்டு விளக்கமளித்தார். 1880-களிலேயே மின்சாரம் வணிகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டபோதிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பாய்ச்சல் கண்டது 1920-களில்தான். தொடக்கத்தில், நீராவி எந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்து, பழைய தண்டுகளையும் பட்டைகளையும் கொண்டே எந்திரங்களைச் சுழற்றினார்கள். ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலையின் ஓட்டத்துக்கேற்பத் தொழிற்சாலையையே மாற்றி அமைத்த பிறகுதான் மின்சாரத்தின் முழுப் பயன் கிட்டியது. கருவியை வாங்குவது ஒன்று; அந்தக் கருவிக்கேற்ப வேலைமுறையைத் திருத்துவது வேறு. கோடிக்கணக்கில் மென்பொருள் வாங்கிவிட்டு, ஒப்புதல் கோப்புகளையும் துறைச் சுவர்களையும் பழையபடியே வைத்திருக்கும் நிறுவனங்கள், பெரிய மோட்டாரை வாங்கிப் பழைய பட்டையில் மாட்டியவர்களின் வரிசையில்தான் நிற்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதன்று. தரத்தை இறுதியில் சோதித்துக் கண்டறிவதைவிட, ஒவ்வொரு படியிலும் உருவாக்க வேண்டும் என்பது 1950 முதல் ஜப்பானியத் தொழில்துறைக்கு எட்வர்ட்ஸ் டெமிங் போதித்த கொள்கை. அவர் பெயரால் வழங்கப்படும் உயரிய தர விருதை இந்தியாவில் முதன்முதலில் பெற்றது, சென்னை பாடியிலிருந்து இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. ஆண்டு 1998. டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002-இல் அதே விருதைப் பெற்றது. குறை தெரிந்தால் கடைநிலைத் தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற டொயோட்டா நடைமுறையை நம் வாகனத் தொழிற்சாலைகளுக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பிரேக் தயாரிப்பில் நாம் கற்றுத் தேர்ந்த ஒழுங்கு, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களுக்கு ஏன் முழுமையாகச் சென்று சேரவில்லை?

ஒரு காரணம், விலை நிர்ணய முறை. நம் மென்பொருள் சேவை வணிகத்தின் கணிசமான பகுதி, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற கணக்கில் வளர்ந்தது. இருபது பேர் செய்யும் வேலையைத் தானியங்கியாக்கி ஐந்து பேரால் முடித்தால், சேவை வழங்குபவரின் வருவாய் குறையும். அரசுத் துறைகளில் நிலைமை வேறு விதம். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற விதி, கட்டுவதற்கான செலவைப் பார்க்கிறதே தவிர, பத்தாண்டு காலம் இயக்கும் செலவைப் பார்ப்பதில்லை. 2021 ஜூனில் தொடங்கப்பட்ட புதிய வருமான வரி வலைத்தளம் பல வாரங்கள் தடுமாறியதையும், அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சகம் நேரில் அழைத்து விளக்கம் கேட்டதையும் வரி செலுத்துவோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணம், கணக்கியல் சார்ந்தது. எந்திரம் வாங்கினால் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். புதுப்பிக்க நிதி ஒதுக்குகிறோம். மென்பொருளும் தேயும். அதன் நிரல் துருப்பிடிப்பதில்லை. ஆனால், அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு பராமரிப்பு வேலையும் வட்டியோடு வளர்கிறது. இதை 1992-இல் ‘தொழில்நுட்பக் கடன்’ என்று வார்ட் கன்னிங்ஹாம் பெயரிட்டு அழைத்தார். இந்தக் கடன் எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. ஆனால், வசூலுக்கு வரும் நாளில் தவணை தராது. 2022 டிசம்பரில் அமெரிக்காவைத் தாக்கிய பனிப்புயலுக்குப் பின் மற்ற விமான நிறுவனங்கள் சில நாள்களில் மீண்டன. சவுத்வெஸ்ட் நிறுவனமோ 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. விமானிகளையும் பணியாளர்களையும் ஒதுக்கீடு செய்யும் அதன் பழைய மென்பொருளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தக் குறையைத் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன.

இவை நிறுவனங்களின் லாபநட்டக் கணக்கு மட்டும் என்றால், பங்குதாரர்கள் கவலைப்பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால், இழப்பின் பெரும்பகுதி நிறுவனத்துக்கு வெளியே விழுகிறது. 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. காய்கறி வண்டிக்காரரும், ஆட்டோ ஓட்டுநரும் அந்த அமைப்பை நம்பியே தொழில் நடத்துகிறார்கள். 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அது சில மணி நேரம் தடைபட்டபோது, கையில் பணமின்றிக் கடை வாசலில் நின்றவர்களின் நேரத்துக்கும், கைவிட்டுப்போன விற்பனைக்கும் யாரும் கணக்கு வைக்கவில்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஆலைக்கழிவை ஆற்றில் விடும் தொழிற்சாலையைப் போல, பராமரிப்பில் மிச்சம் பிடிக்கும் நிறுவனம் அதன் செலவை ஊராரின் தலையில் இறக்கிவைக்கிறது.

ரிசர்வ் வங்கியின் தடை உத்தரவுகளை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். வெளியே கொட்டப்பட்ட செலவை அவை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பின. 2023 நவம்பரில் வெளியிடப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுகை விதிகள், இயக்குநர் குழுவையும் இதில் பொறுப்பாளியாக்கியிருக்கின்றன. இது சரியான திசை. அடுத்த கட்டமாகச் சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவதாக, வங்கிகள், பங்குச் சந்தைகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆகியவை தங்கள் சேவை எத்தனை முறை, எவ்வளவு நேரம், எதனால் தடைபட்டது என்பதைக் காலாண்டு அறிக்கையுடன் ஒரே வடிவத்தில் வெளியிட வேண்டும். வாராக்கடன் விகிதத்தை வெளியிடுவது போலவே இதுவும் வழக்கமாக வேண்டும். இரண்டாவதாக, இழப்பீட்டு விதியை விரிவாக்க வேண்டும். தோல்வியடைந்த பரிவர்த்தனையின் பணம் குறித்த காலத்தில் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வழங்க வேண்டும் என்பது 2019 முதல் உள்ள விதி. பரிவர்த்தனையைத் தொடங்கவே முடியாத முடக்கத்துக்கு அது பொருந்தாது. மூன்றாவதாக, அரசு ஒப்பந்தங்கள், கட்டுமான விலையோடு பராமரிப்புச் செலவையும், மீளும் வேகத்தையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். ஒரே நாளில் திறப்பு விழா காண்பதைவிட, படிப்படியாக விரிவாக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். நான்காவதாக, ஒவ்வொரு முடக்கத்துக்குப் பின்னும், குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடும் விசாரணை நடக்க வேண்டும். கடைநிலை ஊழியரைப் பணிநீக்கம் செய்து கோப்பை மூடினால், அடுத்த முறை எச்சரிக்கை மணி அடிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

இவை பெரிய நிறுவனங்களுக்கு உரியவை, சிறு தொழில்களுக்கு எட்டாதவை என்று சிலர் கருதலாம். இருபது பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு எட்டு சர்வர்களும் தனிப் பொறியாளர் குழுவும் தேவையில்லை. ஆனால், தன் கணக்குகளும் ஆர்டர் விவரங்களும் தினமும் நகலெடுக்கப்படுகின்றனவா, அந்த நகலிலிருந்து உண்மையிலேயே மீட்டெடுக்க முடியுமா என்று ஆண்டுக்கு இருமுறை சோதித்துப் பார்க்கலாம். புதிய மென்பொருளை ஏற்றுமதி நெருக்கடி மிகுந்த மாதத்தில் நிறுவாமல், மந்தமான மாதத்தில் ஒரு பிரிவில் மட்டும் தொடங்கலாம். இவற்றுக்குப் பணத்தைவிட ஒழுங்குதான் தேவை.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில் இந்த ஒழுங்கின் தேவை மேலும் கூடுகிறது. எழுதும் வேகம் பலமடங்கானால், சோதிக்கவும் நிறுவவும் வேண்டிய மாற்றங்களும் பலமடங்காகும். மதகின் கொள்ளளவை விரிவாக்காமல் ஏரிக்கு வரும் நீரை மட்டும் பெருக்கினால் உடைவது கரைதான். எழுதும் ஆட்களைக் குறைத்து மிச்சப்படுத்தும் தொகையில் ஒரு பகுதியையேனும் சோதனைக்கும் கண்காணிப்புக்கும் திருப்பாத நிறுவனங்கள், லாபம் என்று எழுதிவைப்பது நாளைய நட்டத்தைத்தான்.

எந்திரத்துக்கு எண்ணெய் விடும் செலவை வீண் என்று எந்தத் தொழிலதிபரும் சொல்வதில்லை. மென்பொருளுக்கும் அதே நியாயம்தான். நிறுவனத்தின் தலைமைக் கணக்காளருக்கு அளிக்கும் இருக்கைக்கு நிகரான இருக்கையை, அதன் மென்பொருளை இயக்குவதற்குப் பொறுப்பானவருக்கும் இயக்குநர் குழு அளிக்க வேண்டும். அவர் சொல்லும் கசப்பான செய்தியைக் காலாண்டுக்கு ஒருமுறையேனும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, தடை உத்தரவு வந்த மறுநாள் பங்குச் சந்தை விதிக்கும் விலையைவிட நிச்சயம் குறைவாகவே இருக்கும்.